டார்ப்பன் தூண்டில் கருவிகளின் வரலாறு

டார்ப்பன் என்பது அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமான கரையோரங்களில் வாழும் பெரிய மீன். 100 கிலோவுக்கு மேலும் வளரும். இதன் வாய் எலும்பு போல் கடினமானது. தூண்டில் பட்டதும் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். இதனால் முற்காலத்தில் இதை ஈட்டி எறிந்தே பிடித்தனர்.

1885இல் டபிள்யூ. எச். வுட் என்பவர் அமெரிக்காவின் புளோரிடாவில், பூண்டா ராசா அருகே, கோலும் ரீலும் கொண்டு டார்ப்பனைப் பிடித்தார். அதன்பின் இது புகழ்பெற்ற விளையாட்டாயிற்று. அக்கால ரீல்களில் உள்தடை இல்லை. ஓடும் நூலைத் தோல்பட்டையின் மேல் கட்டைவிரலை அழுத்தியே நிறுத்தினர். பின்னோக்கிச் சுழலும் கைப்பிடி விரல்களைக் காயப்படுத்தியது. 1910களில் வில்லியம் போஷனின் யோசனையில் உருவான உள்தடை ரீல் இக்குறையைத் தீர்த்தது.

காஸ்டிங் ரீலில் எறியும்போது நூற்சுருளே சுழலும். கவனம் தவறினால் நூல் சிக்கும். ஆனால் இழுவிசை அதிகம் என்பதால் ஆழமான நீருக்கு ஏற்றது. 1905இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற ஸ்பின்னிங் ரீலில் சுருள் அசையாது. எடை குறைந்த இரையையும் தொலைவுக்கு எறியலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் நரம்புடன் இது அமெரிக்காவில் பரவியது.

புளோரிடாவில் 2013 முதல் டார்ப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். சாதனைப் பதிவுக்கு மட்டும் தனி அனுமதியுடன் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய கருவியால் போராட்டம் நீண்டால் மீன் களைத்துச் சுறாவுக்கு இரையாகும். எனவே மீனை விரைவில் கரைசேர்த்து உயிருடன் விட உதவும் வலுவான கருவியே இன்று பொருத்தமானது.