இறைவன் நிறைவும் உயிரின் உரிமையும்

"அவனன்றி அணுவும் அசையாது" என்னும் முதுமொழி தமிழ் வழங்கும் நாடெங்கும் நாவிற் பயின்றதொன்று. நோய் தீர்ந்தவிடத்து நன்றியாகவும், பிள்ளை தேர்விலே தவறியவிடத்து ஆறுதலாகவும், தகாததைச் செய்தவன் நழுவிச் செல்லும் புறவாயிலாகவும் அது வழங்கி வருகின்றது. முதலிரு வழக்காலும் இடர்ப்பாடில்லை. மூன்றாவதே வினாவை எழுப்புவது. அணுவும் அவனாலே அசைவதாயின் கொலைஞன் கையும் அவனாலன்றோ அசைந்தது? அங்ஙனமாயின் தண்டம் யாருக்கு? அன்று, கையை அசைத்தவன் கொலைஞனே என்பராயின், இறைவனில்லாத இடம் ஒரு கையளவேனும் உலகிலுண்டு என உடன்பட்டதாகாதோ? இவ்வினா இக்காலத்து மாணவர் புதிதாகக் கண்டதன்று. தமிழ்நாட்டுச் சமயக் கணக்கர் நெடுங்காலம் இதனொடு மல்லாடியிருக்கின்றனர். அம்மல்லாட்டத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாதது.

தமிழிலே இவ்வினாவின் முதற்சுவடுகளை மணிமேகலையிற் காணலாம். வஞ்சிமாநகரிலே மணிமேகலை பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்கின்றாள். அவருள் சைவவாதி, இருசுடரும் உயிரும் ஐம்பூதங்களுமாகிய எட்டினையும் தன் வடிவாகக் கொண்டவன் இறைவன் என்றும், படைத்தல் அவனுக்கு விளையாட்டு என்றும் உரைக்கின்றான். இறைவன் எப்பொருளிலும் உளன் என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை. ஆயினும் உயிரும் இறைவனுடைய வடிவங்களுள் ஒன்றாகிவிட்டமையின், அவ்வுயிர் தானாக ஒன்றை விரும்பவோ வெறுக்கவோ கூடுமா என்பது ஆண்டு வினவப்படவேயில்லை.

அவனுக்குப் பின்னர் வரும் ஆசீவகனோ இறைவனைப் படைப்போனாகக் கூறாதவன். அவனுக்கு எல்லாம் அணுக்களின் கூட்டம். பெறுவதும் இழப்பதும், இன்பமும் துன்பமும், பிறப்பும் இறப்பும் கருவிற் பட்ட பொழுதே அமைந்துவிட்டன என்பது அவன் துணிபு. இவ்விருவரையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து. ஒருவன் எங்கும் இறைவனைக் கண்டான். மற்றவன் படைக்கும் இறைவனைக் கண்டிலன். மனிதன் உரிமைக்கு இடம் வையாமையில் இருவரும் ஒத்தனர். ஆகவே, இறைவனை உலகினின்றும் அகற்றிவிட்டால் மனிதன் உரிமை தானே கிடைத்துவிடும் என்று கருதுவோர் இவ்விடத்திற் சற்று நின்று செல்லல் வேண்டும்.

கி. பி. 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களால் நாற்பதே அடிகளில் அமைந்த சிவஞானபோதத்தை அருளிய பின்னரே இவ்வினாவுக்கு ஒழுங்கான விடை தோன்றிற்று. அவர் இரண்டாஞ் சூத்திரத்தில், இறைவன் கலப்பினால் உயிர்களேயாயும், பொருட்டன்மையால் அவற்றின் வேறாயும், அவற்றோடு உடனாயும் நிற்பன் என மூவகையாற் கூறினார். அத்துவிதம் என்னும் சொல்லுக்கு 'இரண்டில்லை, ஒன்றே உண்டு' எனப் பிறர் உரைத்த பொருளை விடுத்து, இரண்டு பொருள்கள் பிரிவின்றி நிற்கும் நிலை எனப் பொருள் கொண்டமையே அவர் செய்த பெரும் புதுமை. எண்ணை மறுக்காமற் பிரிவை மறுத்தார். அச்சிறு திருத்தத்தினால், உயிர் என ஒன்று அழியாமல் எஞ்சிற்று.

இந்நிலையை விளக்க மெய்கண்டார் மரபினர் எடுத்தாளும் உவமை எழுத்துப் பற்றியது. அகரம் ஏனை எழுத்துக்களிற் கலந்து நிற்பது. அஃதின்றி மெய்யெழுத்தை ஒலித்தல் இயலாது. ஆயினும் அகரம் கலந்தமையாற் ககரம் சகரமாகிவிடுவதில்லை. ஒலிக்கும் ஆற்றல் அகரத்தினுடையது. இன்ன ஒலி என்னும் வேறுபாடு மெய்யினுடையது. எழுத்துப் பயிலும் பிள்ளைக்கும் விளங்குவது இவ்வுவமை. கொலைஞன் கையைப் பற்றிய வினாவுக்கும் இதனுள்ளே விடை கிடக்கின்றது. அசையும் ஆற்றல் இறைவனது. அவ்வசைவைக் கொலையாக்கியது உயிரின் விருப்பு.

ஆனால் அவ்விருப்பு எங்கிருந்து வந்தது என்று மேலும் வினவுவாருக்கு எழுத்துவமை போதாது. சித்தாந்தம் இங்கே சொல்வது பொதுவாக எதிர்பார்க்கப்படுவதற்கு மாறானது. உயிர் முதலிலே முழு உரிமையோடு நின்று பின்னர் அதனை இழந்ததன்று. கேவலநிலையில், ஆணவ மலத்தால் மறைப்புண்டு, இருளிற் கிடக்கும் குருடனைப் போல அறிவும் இச்சையும் செயலும் விளங்காமற் கிடந்தது. இறைவன் மாயையிலிருந்து உடலையும் கருவிகளையும் உலகினையும் நுகர்பொருள்களையும் கூட்டிய பின்னரே அது விரும்பவும் தெரியவும் செய்யவும் தொடங்கிற்று. ஆகவே உயிரின் உரிமை, இறைவன் விலகி நின்று விட்டுக்கொடுத்த இடமன்று. அவன் உள்நின்று செய்த உதவியால் விளைந்தது. இது மணிமேகலைச் சைவவாதியின் 'விளையாட்டு' என்னும் சொல்லினின்றும் நெடுந்தூரம் வந்துவிட்டது. படைப்பு விளையாட்டாயின் உயிர்கள் காய்களாம். இங்கோ படைப்பு உயிரின் பொருட்டு.

உடல் பெற்ற உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. இருளைச் சார்ந்தால் இருளாம், ஒளியைச் சார்ந்தால் ஒளியாம். சூரியன் ஒன்றே ஆகவும், ஒரு தாமரை அரும்ப, ஒன்று மலர, ஒன்று உலர்கின்றது. வேறுபாடு சூரியனிடத்ததன்று, பூவின் பக்குவத்தது என்பர்.

மெய்கண்டாருக்கு இரு தலைமுறை கழித்துத் தில்லையில் வாழ்ந்த உமாபதிசிவம் சங்கற்ப நிராகரணத்தை இயற்றினார். அந்நூல் எழுந்த காலம் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313, என அதன் பாயிரமே தெரிவிக்கின்றது. காலக்கணக்கிற்குப் பெரிதும் இடர்தரும் தமிழ் நூல்களிடையே இஃதொரு நற்பேறு. வேற்றுச் சமயத்தாரைக் காட்டிலும் அகத்தே நின்ற சைவர்களோடேயே அதில் வழக்கு மிகுதி. அவருள் இருவர் ஈண்டு நோக்கத்தக்கவர். ஐக்கியவாதி, முத்தியில் உயிர் இறைவனோடு ஒன்றாகிவிடும் என்பான். அவன் கொள்கையில் நிறைவு உண்டு, உரிமையுடைய உயிர் இல்லை. ஈசுவர அவிகாரவாதியோ, இறைவன் விகாரமின்றி வாளா இருப்பன், வெயிலில் நடந்தோன் மரநிழலைத் தானே சென்றடைவதுபோல உயிரே சென்று அவனைச் சார்ந்து பயன்பெறும் என்பான். அவனிடத்து உரிமை உண்டு, உள்நின்று உதவும் இறைவன் இல்லை. அறிவித்தாலன்றி அறியாத உயிர் நிழல் இருக்குமிடத்தை அறிந்தவாறு எங்ஙனம் என்பது சித்தாந்தி தொடுக்கும் வினா.

இனி, யாழ்ப்பாணத்தாருக்கு வருவோம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவ்வாட்சியில் வீட்டுக்கொரு பசு முறைவைத்து இறைச்சிக்கு வாங்கப்பட்டதென்றும், தம் முறை வந்தபோது பசுவைக் கொடுக்க மனம் ஒருப்படாது இரவோடிரவாகத் தோணியேறினார் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்றும் வழிவழியாகக் கூறுவர். கௌட தேசஞ் சென்று வடமொழி கற்றார், திருவண்ணாமலையிலே துறவு பூண்டார், சிதம்பரத்தில் வாழ்ந்தார். அங்கே அவர் தோண்டுவித்த திருக்குளம் ஞானப்பிரகாசம் என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பௌட்கராகமத்திற்கு விருத்தியும் வேறு பல வடமொழி நூல்களும் செய்தார். அருணந்தி சிவாசாரியரின் சிவஞானசித்தியாருக்குத் தமிழில் அவர் எழுதிய உரையே பிற்காலத்திற் பெருவழக்கிற்கு வித்தாயிற்று.

ஞானப்பிரகாசர் ஆகமங்களின் வழிநின்று கொண்ட துணிபு இது: அறிவும் செயலும் உயிருக்கு இயற்கை. அவை எங்கும் நிறைந்தன. மலம் அவற்றை மறைத்தது. மலம் அறவே நீங்கின், உயிர் சிவனின் வேறாய் நின்றே சிவனோடொப்ப விளங்கும். புதிதாக ஒன்றும் அதற்கு வெளியிலிருந்து வருவதில்லை. களிம்பு நீங்கிய செம்பு தன் ஒளியைத் தானே பெற்றாற் போலும். இதனைச் சிவசமவாதம் என்று பெயரிட்டு ஒதுக்கினர். அப்பெயருடைய கொள்கையை உமாபதிசிவமும் முன்னரே மறுத்திருக்கின்றார். எனினும் ஞானப்பிரகாசரைத் தனிவழி சென்றவர் எனக் கொள்ளுதல் நேர்மையன்று. 10ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்து வாழ்ந்த இராமகண்டரும், 12ஆம் நூற்றாண்டிற் சோழநாட்டு வாழ்ந்த அகோரசிவாசாரியரும் முத்தான்மா சிவத்தோடு ஒப்பாம் என்ற கொள்கையினரே. அவர்கள் வடமொழி நூல்கள் ஆராயப்பட்டுள்ள இக்காலத்தில், ஞானப்பிரகாசர் மெய்கண்டாருக்கு முற்பட்ட சைவமரபொன்றைக் காத்து நின்றவர் என்பது புலனாகின்றது.

அவர் கொள்கையின் உயிர்நாடி யாது? உயிர் என்றென்றும் பிறரொருவர் காட்டவே காண்பதாயின், காட்சி அதனுடையது என்று சொல்வது எப்படி என்பதே. பந்தத்திற் கண்ட சார்பு வீட்டிலும் நீங்காதெனின், வீடு என்பது விடுதலையாகுமா? நாட்டுரிமை இழந்து கடல் கடந்த ஒருவர் உயிரின் உரிமைக்காக வாதாடினார் என்று இரண்டையும் முடிச்சிட எவருக்கும் ஆசை எழும். அதற்குச் சான்றில்லை, ஆதலின் அவ்வாசையை அடக்குதலே முறை. ஆனால் அதே 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்தில் இதே வினா வேறொரு முடிவை எய்தியதைக் குறிப்பிடலாம். 1656இல் ஆம்ஸ்டர்டாமில் யூதர் சபையினின்றும் விலக்கப்பட்ட ஸ்பினோசா, இறைவனும் இயற்கையும் ஒன்றே எனக் கொண்டார். அவர் இறந்த 1677ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'எதிக்ஸ்' என்னும் நூலில், மனிதர் தம் செயலை அறிந்தும் அதன் காரணங்களை அறியாமையாலேயே தம்மை உரிமையுடையோராக எண்ணுகின்றனர் என முடித்தார். நிறைவை முழுதும் உடன்பட்டு உரிமையைக் கைவிட்ட துணிவு அவருடையது.

ஞானப்பிரகாசருக்கு மறுப்பு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்தது. பொருநைக் கரையில் விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி, 1785இற் சிவபதமெய்திய சிவஞான முனிவர் 'சிவசமவாதவுரை மறுப்பு' என்னும் நூலை எழுதினார். வாதத்தில் அவர் வன்மை பெரிது. சொல்லிற் கடுமையும் குறைந்ததன்று. அவர் மரபு பற்றிக்கொண்ட பிடி கண்ணைப் பற்றிய உவமை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் உயிர் கண்ணோடு உடனாய் நின்று காட்டாதபோது, விழித்த கண்ணும் எதிர்ப்பட்ட பொருளைக் காண்பதில்லை. உயிர் காட்டுவதுமன்றிக் கண்ணோடு கூடித் தானும் காண்கின்றது. அதுபோல இறைவன் உயிருக்குக் காட்டுகின்றான். உடனாய் நின்று காணவும் செய்கின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாகப் பகுத்து இதனை உரைப்பர். பந்தத்திலும் வீட்டிலும் இவ்வுபகாரம் ஒழிவதில்லை. ஐந்தொழில் சிவனுக்கே உரியது. முத்தருக்கு உரியது சிவானந்த நுகர்ச்சி. ஆகவே இருவரும் சமமாதல் எங்ஙனம்?

மெய்கண்டாரின் கருத்து இன்னதென்று காட்டும் அளவில் முனிவரே வென்றார் என்பதில் ஐயமில்லை. கண் என்றும் உயிரைச் சார்ந்தே காண்கின்றது. அச்சார்பைச் சிறை என்று எவரும் கருதுவதில்லை. சார்பெல்லாம் அடிமையென ஞானப்பிரகாசர் கொண்ட எண்ணம் ஆண்டுத் தளர்ந்துவிடுகின்றது. ஆயினும் அவர் எழுப்பிய வினா முற்றும் அவியவில்லை. இறைவன் ஒருவனுக்குக் காட்டி ஒருவனுக்குக் காட்டாமை ஏன் எனின், மலபரிபாகம் என்பர். அப்பரிபாகம் எதனால் வந்தது எனின், இருவினையும் நுகர்ந்து அவற்றில் விருப்பு வெறுப்பு ஒத்தமையால் என்பர். நுகர்வித்தவன் யார் எனின், மறைத்து நின்று பக்குவஞ் செய்யும் திரோதான சத்தியாகிய இறைவனே என மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வருவர். இவ்வட்டத்தினுள் உயிர் தானாகச் செய்தது எது? நூல்கள் இதனை உரத்துச் சொல்வதில்லை. ஆனால் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கையும் செய்க என அவை விதிக்கின்றன. செய்யவும் செய்யாதிருக்கவும் கூடிய ஒருவனுக்கே விதி கூறுவது இயலும். கல்லுக்கு யாரும் நோன்பு விதிப்பதில்லை. எதனைச் சார்வது என்னும் அவ்வொரு துளி உரிமையைச் சித்தாந்தம் உயிரின் கையிலேயே விட்டிருக்கின்றது எனக் கொள்ளாக்கால் நான்கு பாதங்களும் வெறுஞ்சொல்லாய் முடியும். அத்துளியைப் பெரிதாக்கிச் சமம் என்றார் ஞானப்பிரகாசர். அது துளியே என்று நிறுத்தினார் முனிவர். 'எல்லாம் அவன் செயல்' என்று தன் குற்றத்தை மூடுபவன் துளியையும் இல்லையென்கிறான். அவனுக்கு இவ்விருவருள் ஒருவரும் சான்று பகரார்.

இவ்வழக்கில் யாழ்ப்பாணத்தின் பங்கு ஞானப்பிரகாசரோடு முடியவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்க மிசனரியார் ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன. மெய்கண்டாரின் விடை மேல்நாட்டார் கைக்கு எட்டியது அவ்வழியாலேயே. சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் வரைந்த மாபாடியமோ, ஆதீனத்தில் அருமையாகப் போற்றப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிலேதான் அச்சேறிற்று. சித்தியார் சுபக்கத்திற்கு அறுவர் எழுதிய உரைகளும் ஒருங்கு சேர்த்துப் பதிப்பிக்கப்பட்டபோது, ஞானப்பிரகாசர் உரைக்கும் அவரை மறுத்த முனிவர் உரைக்கும் அதில் இடங்கிடைத்தது. அப்பதிப்பை விரிப்பவர் ஒரே செய்யுளின் கீழ் இருவரையும் அடுத்தடுத்துக் காணலாம்.