யாழ்ப்பாணப் புகையிரத நிலையமும் குடாநாட்டு வண்டிகளும்

யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் கொழும்பிலிருந்து வந்தது என்பதே எம்மவரிடையே பொதுவாக நிலவும் எண்ணம். வரலாறு அவ்வாறன்று. கொழும்பு வண்டி யாழ்ப்பாணத்தை அடையுமுன்னரே, மூன்றாண்டுகளுக்கு மேலாக, குடாநாட்டுக்குள் ஒரு புகையிரதம் தனித்து ஓடிக்கொண்டிருந்தது.

1902-ம் ஆண்டு மார்ச் 11-ம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே முதற் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் அது பளைவரை நீண்டது. அந்நாளில் தென்னிலங்கைப் பாதை குருநாகலோடு நின்றது; அதற்கப்பால் வன்னிவரை பெருங்காடு. ஆகவே எஞ்சினும் பெட்டிகளும் தண்டவாளமும் கடல் மார்க்கமாகவே வந்திறங்கியிருத்தல் வேண்டும். துறைமுகமாகிய காங்கேசன்துறையிலே பாதை தொடங்கியமைக்கு நியாயம் இதுவே எனலாம். இரு பாதைகளும் இணைந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதல் வண்டி வந்தது 1905-ம் ஆண்டு ஓகஸ்ட் 1-ம் திகதியிலாகும்.

இதனால் யாழ்ப்பாண நிலையம் பிறப்பிலேயே குடாநாட்டின் நிலையமாயிற்று. வடக்கே கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என ஓரிரு மைலுக்கொரு தரிப்பு. கிழக்கே நாவற்குழியிற் கடனீரேரியைக் கடந்தால் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம். பாதை பெருஞ் சந்தைகளைத் தொடுத்துச் செல்வதைக் கவனித்தல் வேண்டும். வடமராட்சிக்கும் தீவுப்பகுதிக்கும் அது எட்டவேயில்லை; அக்குறை இன்றும் தீர்ந்திலது. வண்டியை எம் முதியோர் புகையிரதம் என்றழைத்ததுமில்லை. அவர்களுக்கு அது 'கோச்சி'.

கொழும்பு இணைப்பு வேறொரு வாழ்க்கையை உண்டாக்கியது. தெற்கே உத்தியோகம், ஊரிலே குடும்பம் என்னும் ஏற்பாடு இரவுத் தபால் வண்டியை நம்பியே நிலைத்தது. 1956-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் திகதி தொடங்கிய 'யாழ்தேவி' அப்பயணத்தைப் பகற்பொழுதுக்குள் அடக்கியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சரக்கும் இப்பாதையாலேயே தெற்கே போயிற்று.

1990-ம் ஆண்டு ஜூனில் எல்லாம் நின்றன. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையம் இடிந்து கிடந்தது. வண்டியைக் காணாமலே ஒரு தலைமுறை கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறிற்று.

யுத்தம் ஓய்ந்தபின், இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் பாதையை மீளமைத்தது. இம்முறை வரிசை தலைகீழானது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சி, 2014 மார்ச்சிற் பளை, அவ்வாண்டு ஒக்டோபர் 13-ம் திகதி யாழ்ப்பாணம் எனத் தெற்கிலிருந்து வடக்காகப் பாதை ஏறிவந்தது. காங்கேசன்துறையைச் சூழ்ந்த நிலம் அப்பொழுதும் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிருந்தது. 1902-ல் முதல் வண்டியைக் கண்ட அத்துறை, 2015-ம் ஆண்டு ஜனவரி 2-ம் திகதி, எல்லா ஊர்களுக்கும் பிந்தியே தன் வண்டியைப் பெற்றது.