மின்மினி மரமும் பிள்ளையார் பாலும்



கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்குச் சிலாங்கூர் ஆறு புதிதல்ல. புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பழைய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினார்கள். பிறகு செம்பனைக் குலை அறுத்தார்கள். அந்த ஆற்றின் கரையில், கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூரில், இருட்டிய பிறகு படகேறிச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். கரையோரத்தில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் உட்கார்ந்திருக்கும். அவை தனித்தனியாக மின்னுவதில்லை. ஒரு மரத்துப் பூச்சிகள் யாவும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணையும். நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இப்படி நடக்கும்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பாட்டி எங்களை அந்தப் பக்கம் விடமாட்டார். "அது கொள்ளிவாய்ப் பிசாசுடா, பார்த்தா காய்ச்சல் வரும்" என்பார். நாங்களும் நம்பினோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் படகேறிப் போய் நேரில் பார்த்தோம். காய்ச்சல் வரவில்லை. பாட்டி சொன்னது தவறு என்று தெரிந்தது. ஆனால் பாட்டியை மட்டும் குறை சொல்லக்கூடாது. பெரிய படிப்புப் படித்தவர்களும் இதே மின்மினியிடம் தோற்ற வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

1690ஆம் ஆண்டு எங்கல்பர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஜப்பானுக்குப் போகும் வழியில் சயாம் நாட்டில் தங்கினார். அங்கே ஆற்றங்கரை மரங்களில் மின்மினிக் கூட்டம் ஒருசேர ஒளிர்வதையும் ஒருசேர மறைவதையும் கண்டு எழுதி வைத்தார். அவர் இறந்த பின்னர், 1727இல், அந்தக் குறிப்பு நூலாக வெளிவந்தது. பிறகு வந்த பயணிகள் பலரும் இதே செய்தியைச் சொன்னார்கள். ஆனால் மேலைநாட்டு அறிஞர்களில் பலர் நம்பவில்லை. தலைவன் இல்லாமல், தாளம் போடுபவர் இல்லாமல், ஆயிரம் பூச்சிகள் எப்படி ஒத்துப் போகும் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் போய்ப் பார்க்காமலேயே சிலர் விடையும் சொல்லிவிட்டார்கள். பிலிப் லாரன்ட் என்பவர் 1917இல் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். அவரே ஒருமுறை மின்மினிகள் சேர்ந்து மின்னுவதைப் பார்த்ததாக எண்ணியவர். ஆனால் பூச்சிகளுக்கு அது முடியாத காரியம் என்று கருதியதால், கடைசியில் தம் கண்ணிமைகள் துடித்ததே காரணம் என்று முடிவு கட்டினார். பூச்சிகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லையாம்! தம் கண்ணையே குற்றவாளி ஆக்கினாரே தவிர, தம் கருத்தை அவர் சந்தேகிக்கவில்லை.

சயாமில் மீன்வள ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்கர் ஹியூ ஸ்மித், தாம் நேரில் கண்டதை 1935இல் அதே இதழில் விரிவாக எழுதினார். அதன் பிறகு 1965இல் ஜான் பக், எலிசபெத் பக் என்னும் ஆய்வாளர் தம்பதியர் தாய்லாந்துக்கு வந்தார்கள். மின்மினிகளைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு பாங்காக் விடுதி அறைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிட்டார்கள். முதலில் பூச்சிகள் தாறுமாறாக மின்னின. சிறிது நேரத்தில் இரண்டு ஒத்துப்போயின. பிறகு மூன்று, பிறகு இன்னும் பல. ஒளியைக் கருவிகளால் பதிவு செய்தும் ஆராய்ந்தார்கள். 1968இல் அவர்களின் கட்டுரை வெளிவந்தது.

காரணம் இதுதான். ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் கடிகாரம் போன்ற ஓர் ஒழுங்கு இருக்கிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் தன் கடிகாரத்தை அது சற்றுத் திருத்திக்கொள்கிறது. எல்லாம் இப்படித் திருத்திக்கொள்ள, மரமே ஒன்றாக மின்னுகிறது. நம் கோயில் பஜனையில் கைதட்டுவதை எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் தட்டுவோம். யாரும் கட்டளையிடாமலேயே சிறிது நேரத்தில் எல்லாக் கைகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும்.

பார்க்காமல் மறுத்த கதை இது. பார்த்தும் ஆராயாமல் நம்பிய கதை ஒன்றும் உண்டு.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள். விடியுமுன் டில்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று செய்தி கிளம்பியது. நண்பகலுக்குள் வட இந்தியா முழுதும் பரவி, பின்னர் கடல் கடந்த நாடுகளுக்கும் போனது. நாங்கள் அப்போது இடைநிலைப்பள்ளி மாணவர்கள். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் சிறிய பித்தளைப் பிள்ளையார் இருந்தார். அம்மா கரண்டியில் பாலை எடுத்துத் துதிக்கையில் வைத்தார். பால் குறைந்தது! லயமே கூடிவிட்டது. சிலர் கண்ணீர் விட்டார்கள். சிலர் அன்று என்ன நம்பர் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

டில்லியில் அறிவியல் துறை ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பாலில் வண்ணம் கலந்து கொடுத்தார்கள். கரண்டி விளிம்பிலிருந்து ஏறிய பால், சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்கியது வண்ணத்தால் தெரிந்தது. பரப்பு இழுவிசை என்னும் இயற்கை ஆற்றல் பாலைச் சிலையின் பக்கம் இழுத்தது. புவியீர்ப்பு அதைக் கீழே கொண்டுபோனது. வெள்ளைச் சலவைக்கல்லில் வெள்ளைப் பால் கண்ணுக்குப் படவில்லை. எங்கள் வீட்டிலும் மறுநாள் பார்த்தால் பிள்ளையாருக்கு அடியில் விரித்திருந்த துணி நனைந்து புளித்திருந்தது. அம்மா துணியை அலசிப் போட்டுவிட்டு, "பால் குடிச்சாலும் குடிக்காட்டியும் பிள்ளையார் பிள்ளையார்தான்" என்று விளக்கேற்றினார். அம்மாவின் பக்தி அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

நேயர்களே, பகுத்தறிவு என்றால் எல்லாவற்றையும் மறுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நாமும் அப்படி நினைத்து ஒருமுறை தவறு செய்திருக்கிறோம். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், தோட்டத்துல ஆந்தைக்கு வீடு கட்டி வச்சிருக்காங்க" என்றான். ஆந்தை அலறினால் சாவு என்று லயத்தில் பேசுவார்கள். அந்த ஆந்தைக்கு வீடா? கட்டுக்கதை என்று சிரித்துவிட்டோம். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மாலையில் அவனே அழைத்துப் போய்க் காட்டினான். செம்பனைகளுக்கு நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்கக் கூகை ஆந்தைகளை இப்படிக் குடிவைக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். சாவைக் கொண்டுவரும் பறவை என்று நாம் அஞ்சுவது தோட்டத்தின் காவல்காரன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்திக்குக் கடுங்காய்ச்சல். காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று கயிறு கட்டி, விபூதி போட்டு, மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் மருத்துவமனையில் அது டெங்கி என்று தெரிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. விபூதி பூச வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூசிய கையோடு பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இனி ஓர் அதிசயச் செய்தி உங்கள் காதுக்கு வந்தால் உடனே கும்பிடவும் வேண்டாம், உடனே சிரிக்கவும் வேண்டாம். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, நாமே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகள் இப்படிக் கேட்டால் அதட்டாதீர்கள். முடிந்தால் ஒருநாள் இரவு அவர்களைக் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப் போங்கள். கரையோரச் செடிகளை அழித்தால் மின்மினிப் புழுக்களுக்கு இரையாகும் நத்தைகளும் அழியும், மரமும் இருண்டுவிடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நம் பாட்டி பார்க்கவிடாத அந்த ஒளியை நம் பேரப்பிள்ளைகளாவது கண்ணாரப் பார்க்கட்டும்.