கம்பளி போர்த்திய வேழம்

யானைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். களிறு, பிடி, வேழம், கயம், ஒருத்தல், தும்பி, கைம்மா, உம்பல் என்று நிகண்டுகள் அடுக்கும் பட்டியல் எளிதில் முடிவதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், "மாமத்துக்கு என்ன பெயர், ஐயா?" என்றான். சிரிப்பு மூட்டவே கேட்டான். எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. மாமத் என்னும் அந்தப் பனிக்கால விலங்கு ஒருமுறை தமிழகத்திற்கு வந்திருக்கிறது. அதை அழைத்து வந்தவர்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தாரும் ஓர் அமெரிக்கப் படக் கம்பெனியும்.

1952ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கியது. ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகிய மூவரும் ஹாலிவுட்டிலிருந்து வந்தார்கள். நம்மவர்களில் எம்.என். நம்பியாருக்கு அதில் ஒரு வேடம் உண்டு. காட்டிலிருந்து யானைகள் வெறிகொண்டு ஊருக்குள் பாய்கின்றன; அவற்றை அப்படி விரட்டுவது எது என்று கண்டறிய இளவரசி ஒருத்தியும் வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஒருவனும் காட்டுக்குள் போகிறார்கள். படத்தின் இறுதியில்தான் விடை தெரிகிறது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமத்துகள் அக்காட்டில் இன்னும் உயிரோடு திரிகின்றன. அந்த மாமத்துகள் யார் என்றால், சாட்சாத் நம்மூர் யானைகள்தாம். உடம்பெல்லாம் மயிர்ப் போர்வை. முகத்தில் நீண்டு வளைந்த பொய்க் கொம்பு.

கேள்வி கேட்டவனுக்கு விடையாக, மறுநாள் அப்படத்தின் இறுதிப் பகுதியை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. "கோயில் யானைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கிறது" என்றாள் ஒருத்தி. "யானை நடை அப்படியே தெரிகிறதே" என்றான் மற்றொருவன். இப்படத்தைப் பார்த்த பலரும் சொல்லும் கருத்து ஏறக்குறைய இதுதான். அமெரிக்கப் பார்வையாளர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: படம் முழுக்கக் காட்டில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், மிருகம் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது என்று. அந்தக் குறை நியாயமானதே.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன் அந்தப் போர்வை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ராபர்ட் லிப்பர்ட் என்பவர் அமெரிக்காவில் திரையரங்கு உரிமையாளராக இருந்து படத் தயாரிப்பில் இறங்கியவர். சொற்பச் செலவில், சில வாரங்களில் படமெடுப்பதில் பெயர் பெற்றவர். 1950இல் அவர் எடுத்த 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' விண்வெளிப் படத்தில் செவ்வாய்க் கிரகம் வரும்போது கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் செந்நிறச் சாயம் ஏற்றிவிட்டார்கள். மறு ஆண்டு வந்த 'லாஸ்ட் கான்டினென்ட்'டில் தொல்விலங்குகள் வாழும் பீடபூமிக்குப் பச்சைச் சாயம். அப்படத்தின் கதையை எழுதிய கேரல் யங்தான் 'காடு' படத்திற்கும் எழுதினார். நடிகர் ரொமேரோவும் அவரே. ஆக, பழைய சரக்கையே இம்முறை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

இந்தப் பக்கம் டி.ஆர். சுந்தரம். 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனமாக அதை வளர்த்தவர். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கே பிறந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே எடுக்கப்பட்டதுதான். ஏற்காடு செல்லும் சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது. இரு தரப்புக்கும் இடையில் பாலமாக நின்றவர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் பேசத் தெரியாமலே 'சதி லீலாவதி' (1936) தொடங்கி 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர். 1950இல் தாயகம் திரும்பிய பின், அவரும் பங்குகொண்ட கூட்டு முயற்சியாக 'காடு' அமைந்தது.

இங்கே ஆண்டுக்கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். அணுகுண்டால் விழித்தெழும் தொல்விலங்கைக் காட்டிய அமெரிக்கப் படம் 1953இல்தான் வந்தது. ஜப்பானின் 'காட்ஸில்லா' 1954இல். அங்கேயும் பணமும் காலமும் போதாமல்தான் ஓர் ஆளை ரப்பர் உடைக்குள் புகுத்தி நகரத்தை மிதிக்க விட்டார்கள். உடைக்குள் ஆள் இருப்பது பார்த்த அனைவருக்கும் தெரியும். ஆயினும் எழுபதாண்டுகளாக உலகம் அதைப் பார்த்து அஞ்சியும் மகிழ்ந்தும் வருகிறது. செலவுக் குறைவுதான் சிரிப்புக்குக் காரணம் என்றால் காட்ஸில்லாவும் அன்றே செத்திருக்க வேண்டும்.

வேடப் பொருத்தமும் குறை சொல்லும்படி இல்லை. இன்றைய மரபணு ஆய்வின்படி மாமத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அன்று, நம் ஆசிய யானையே. ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை ஆர்க்டிக் கடலின் ராங்கெல் தீவில் மாமத்துகள் வாழ்ந்திருக்கின்றன. சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலம் அது. லிப்பர்ட்டின் ஆட்கள் இதையெல்லாம் அறிந்து செய்யவில்லை என்றாலும், பாத்திரத்துக்கு உகந்த நடிகரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படியானால் வகுப்பு ஏன் சிரித்தது? என் எண்ணம் இது. யானையை அறியாத ஊரில் அந்தப் போர்வை ஒருவேளை எடுபட்டிருக்கும். நமக்கு அதன் நடை தெரியும். காது விசிறும் விதம், நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஊன்றும் வழக்கம், எல்லாம் கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் பிள்ளைப் பருவம் முதல் கண்டவை. எத்தனை பெயர் வைத்திருக்கிறோம் என்பதை வைத்தே எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அறிந்த முகத்தின் மேல் முகமூடி நிற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. யானைக் கூட்டமே அஞ்சி ஓடும் ஒரு விலங்கு வேண்டும் என்பது அக்கதையின் தேவை. அப்படி ஒரு விலங்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. சங்கப் பாடல்களில் வரும் ஆளி, யானையைத் தாக்கி அதன் கொம்பையே பறித்துவிடும். பிற்காலச் சிற்பி அதையே யாளியாக்கி, சிங்க உடலும் துதிக்கையும் கலந்து, கோயில் தூண்தோறும் பாய விட்டான். அந்த வாய்க்குள் கையை விட்டு உள்ளே உருளும் கல் பந்தைத் தள்ளிப் பார்க்காத பிள்ளை உண்டா? உலகில் எங்கும் இல்லாத விலங்கு என்று தெரிந்தும் யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கேரல் யங் சைபீரியப் பனிக்குள் தேடிய மிருகம், சேலத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத தாரமங்கலம் கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அல்லது சொன்னால் கேட்பார் இல்லை.

இதே நம்பியார் பதினோரு ஆண்டுகள் கழித்து இன்னொரு விஞ்ஞானக் கற்பனைப் படத்தில் வேற்றுக்கிரகவாசியாகவே வந்தார். 1963இல் வந்த 'கலை அரசி'. காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது அதே ஆண்டு நவம்பரில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படத்தின் துணிச்சல் விளங்கும். அதன் பறக்கும் தட்டும் கிரகத்து அரங்கமும் இன்றைய கண்ணுக்கு எளியவைதாம். ஆனால் கதையின் முடிச்சைப் பாருங்கள்: விஞ்ஞானத்தில் எங்கோ போய்விட்ட ஒரு கிரகத்தில் சங்கீதம் இல்லை; ஆகவே பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். மார்கழி மாதத்து மயிலாப்பூரில் நான்கு சபாக்களைச் சுற்றி வருகிற யாரும் இதை நம்ப மறுக்க மாட்டார்கள். (விண்கலம் இறங்கினால் எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர்களுக்குக் கவலையாக இருக்கும்.) அயல் கிரகத்தான் நம்மிடம் எதற்கு வரவேண்டும் என்ற கேள்விக்கு, நம் மண்ணிலிருந்தே எடுத்த விடை அது.

என் தந்தையார் அப்படத்தை இளைஞராக இருந்தபோது மயிலாப்பூர்க் கொட்டகை ஒன்றில் பார்த்தவர். தட்டு பறந்தது நிஜம்போல் இருந்ததா என்று கேட்டேன். "அது யாருக்கு நினைவிருக்கிறது? பானுமதியைக் கொண்டு போய்விட்டானே என்றுதான் இருந்தது" என்றார்.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். யாளியை அவர்கள் கண்டிருந்தாலும் யானைக்குத்தான் மறுபடி வேடம் போட்டிருப்பார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை. அக்காலப் படங்களில் விலங்குகளின் பாடு பொதுவாகவே பரிதாபம். 1940இல் வந்த 'ஒன் மில்லியன் பி.சி.' என்ற அமெரிக்கப் படத்தில் உயிருள்ள பல்லிகளுக்கும் முதலைகளுக்கும் வேடம் போட்டு டைனோசராக்கி ஒன்றோடொன்று மோத விட்டார்கள். அந்தக் காட்சிகளையே வெட்டி எடுத்துப் பிறகு பல படங்கள் பிழைத்தன.

அன்று வகுப்பில் அனைவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, முன்வரிசையில் சிரிக்காமல் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "எந்த மாதத்தில் எடுத்தார்கள், ஐயா? வெயில் காலமாக இருந்தால் அதற்கு எப்படி வியர்த்திருக்கும்?" யானைக்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, காதை விசிறித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்றேன். அவள் எழுந்து வந்து மடிக்கணினியில் அக்காட்சியை மீண்டும் ஓட்டினாள். போர்வைக்கு வெளியே அந்தக் காதுகள் அசைகின்றனவா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடித்துவிட்டது.