எதிர்க்கருத்தினரின் சந்திப்பும் மூன்றாமவரும்: காஞ்சிபுரம் தரும் வரலாற்றுப் பாடம்

முன்னுரை

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டு நெசவாலும் புகழ்பெற்ற நகரம். அது வழக்குகளாலும் பெயர்பெற்ற நகரம் என்பதை வரலாறு பயில்வோர் மறத்தல் இயலாது. வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே மூண்ட பூசல் பல தலைமுறைகளாக நீதிமன்றங்களில் நடந்துவந்தது. ஒரே இறைவனை வழிபடுவோர், வழிபாட்டில் முன்னின்று ஓதும் உரிமை யாருடையது, எந்த வாழ்த்தைச் சொல்வது என்பன பற்றி நீதிபதிகளிடம் தீர்ப்புக் கேட்டு நின்றனர். சமயப்பற்று மட்டும் மனிதரிடையே நாகரிகமான உறவை உண்டாக்கிவிடாது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

ஆயினும் இந்நகரோடு தொடர்புடைய வரலாற்றில் வேறுவகைச் சந்திப்புகளும் உண்டு. அரசியலிலும் சமுதாயக் கொள்கையிலும் எதிரெதிராக நின்றோர், தம் கொள்கையை விடாமலே ஒருவரையொருவர் மதித்துப் பேசிய நிகழ்ச்சிகள் அவை. அவற்றுட் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயுங்கால் ஒரு கேள்வி நம்மை விடாது தொடர்கிறது. இருவர் பண்போடு சந்திக்கின்றனர்; அவர்களது வாதத்தின் விளைவைச் சுமக்க வேண்டிய மூன்றாமவர் அப்பொழுது எங்கே இருக்கிறார்? இக்கேள்வியை விட்டுவிட்டுச் சந்திப்பின் இனிமையை மட்டும் புகழ்வது அரைகுறை வரலாறாகவே முடியும்.

தூது சென்ற புலவர்

மிகப் பழைய சான்று புறநானூற்றின் 95ஆம் பாடலில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார் என்றும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான் என்றும் அப்பாடலின் பழைய குறிப்புக் கூறுகிறது. தொண்டை நாட்டின் தலைநகராக மரபு போற்றுவது காஞ்சியே. மன்னனின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் அழகாக இருப்பதைப் புலவர் பாராட்டுகிறார். தம் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, எந்நேரமும் கொல்லனின் சிறுகொட்டிலிலேயே கிடக்கின்றன என்கிறார்.

சொல்லில் பழிப்பு இல்லை. ஆயினும் கருத்து மறைக்கப்படவும் இல்லை. பகை நாட்டு வேந்தன் முன்னிலையில் தனித்து நின்ற ஒரு பெண்பாற் புலவர், அவனை இழிவுபடுத்தாமலும் உண்மையை விழுங்காமலும் பேசியிருக்கிறார். போர் மூண்டால் மடியப்போகிறவர் இருநாட்டுக் குடிமக்களே. அங்கு இல்லாத அம்மக்களின் பொருட்டே அத்தூது அமைந்தது எனக் கொள்வது பொருந்தும்.

1925: மூடப்பட்ட கேள்வி

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசு மாகாண மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1917இல் பத்திரிகைத் துறைக்கு வந்தவர் அவர். அருட்பா, மருட்பா பூசலின் கசப்பை இளமையிலேயே கண்டவர். தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்காக வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்லச் சென்றதால் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போனவர்.

அம்மாநாட்டில் ஈ.வெ. ராமசாமி, சட்டமன்றம் முதலிய அமைப்புகளிலும் அரசுப் பணிகளிலும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவ்விருவரும் அந்நியர் அல்லர். 1917இல் தோன்றிய சென்னை மாகாணச் சங்கத்தில் இருவரும் பங்குகொண்டனர். வரதராசுலு நாயுடுவையும் சேர்த்து ‘நாயக்கர், நாயுடு, முதலியார்’ என்று மக்கள் ஒரே மூச்சில் கூறும் அளவுக்கு நெருங்கியவர்கள். வைக்கம் போராட்டத்துக்குப்பின் ஈ.வெ.ரா.வை ‘வைக்கம் வீரர்’ எனப் பாராட்டி எழுதியவர் திரு.வி.க.வே என்பர். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி நடந்ததைக் கண்டித்ததிலும் மூவரும் ஒருபக்கமே நின்றனர்.

எனினும் காஞ்சி மாநாட்டில் அத்தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படுவதற்குத் தலைவர் அனுமதி தரவில்லை. ஈ.வெ.ரா. தம் ஆதரவாளருடன் வெளியேறினார். அவ்வாண்டு மே மாதத்தில் தொடங்கியிருந்த ‘குடி அரசு’ இதழ் அதன்பின் சுயமரியாதை இயக்கத்தின் குரலாயிற்று. தமிழக அரசியலின் போக்கு மாறிய நாள்களுள் அதுவும் ஒன்று.

இந்நிகழ்ச்சியை நாம் நிதானமாக நோக்குதல் வேண்டும். தலைவர் பண்பற்றவர் அல்லர். கேட்டவரின் பகைவரும் அல்லர். கோரிக்கையின் நியாயத்தை அறியாதவரும் அல்லர். மாநாட்டின் ஒற்றுமை குலையலாகாது என்னும் கவலை அவருக்கு இருந்திருத்தல் இயல்பே. ஆனால் ஒற்றுமையின் பெயரால் ஒரு கேள்வி அவைக்கு வாராமலே தடுக்கப்பட்டது. மூடப்பட்ட கேள்வி மறைந்துவிடவில்லை. 1928இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் சென்னை மாகாண அரசுப் பணிகளில் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாணையின் வழிவந்த கல்லூரி இடப் பங்கீடு நீதிமன்றத்தால் செல்லாதெனப்பட்டபின், 1951இல் இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தம் வாயிலாக அக்கேள்வி நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. காஞ்சி மாநாட்டில் கால் மணி நேரம் பேச இடம் பெறாத பொருள், கால் நூற்றாண்டுக்குப்பின் நாடாளுமன்றத்தின் நேரத்தைப் பெற்றது.

நட்பு என்ன ஆயிற்று என்பதும் கருதத்தக்கது. ஆண்டுக்கணக்கில் இருவரும் எதிரெதிராக எழுதினர். ஆயினும் 1948இல் கட்டாய இந்தியை எதிர்த்தபோது, முன்னர் இந்தியை ஆதரித்த திரு.வி.க. தம் நிலையை மாற்றிக்கொண்டு ஈ.வெ.ரா.வின் பக்கம் நின்றார். கொள்கை பிரித்தவர்களை மற்றொரு கொள்கை சேர்த்தது. இடையில் ஒருவரையொருவர் மனிதராக மதிப்பதை அவர்கள் விட்டிருப்பின் இது நிகழ்ந்திராது.

1927: மாட்டுக் கொட்டிலில் இருவர்

1925இல் பிரிந்தோர் பழைய நண்பர்கள். முன்பின் அறியாத இருவரின் சந்திப்புக்கு நாம் பாலக்காட்டுக்குச் செல்ல வேண்டும். அந்நாளில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, பின்னர்க் காஞ்சியில் நிலைபெற்ற காமகோடி பீடத்தின் தலைவர் சந்திரசேகரேந்திர சரசுவதி, 1927இல் யாத்திரையாகப் பாலக்காட்டை அடுத்த நெல்லிச்சேரி என்னும் ஊரில் தங்கியிருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 33. தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியடிகள் அக்டோபர் மாதத்தில் அவரை அங்குச் சென்று கண்டார்.

சந்திப்பு ஒரு மாட்டுக் கொட்டிலில் நிகழ்ந்தது என்றும், துறவி வடமொழியிலும் காந்தியடிகள் இந்தியிலும் பேசினர் என்றும் மடத்தின் மரபுச் செய்திகள் கூறுகின்றன. மாலையுணவுக்கு நேரமாயிற்று என்று இராஜாஜி நினைவூட்டியும் காந்தியடிகள் எழுந்திருக்கவில்லையாம். தீண்டாமையை இந்து சமயத்தின் களங்கமெனக் கண்டவர் ஒருவர். சாத்திர மரபு மீறப்படலாகாது என்றும், அதனை நம்புவோர் மனம் புண்படும் என்றும் கருதியவர் மற்றவர். ஒருவர் மொழியை மற்றவர் பொறுமையோடு கேட்டனர். ஒருவரும் மற்றவரை ஏசவில்லை. ஒருவரும் தம் நிலையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அதே 1927இல் பெங்களூரில் ஈ.வெ.ரா. காந்தியடிகளைச் சந்தித்து, இந்து மதத்தைச் சீர்திருத்த இயலுமா என்பது பற்றி வாதிட்டதையும் இதனோடு ஒப்பிடலாம். மரபைக் காக்க விரும்பியவரையும் மரபைத் தகர்க்க விரும்பியவரையும் ஒரே ஆண்டில் அவர் நேரில் கேட்டார்.

போற்றத்தக்க நிகழ்ச்சிகள்தாம் இவை. ஆனால் நெல்லிச்சேரிக் கொட்டிலில் நடந்த உரையாடலின் பொருள் யார்? கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள். அவர்களுள் ஒருவரும் அங்கு அமர்ந்திருந்ததாகச் செய்தி இல்லை. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு அவர்களுக்குத் திறந்தது 1939 சூலையில், வைத்தியநாத ஐயரின் துணிவினால். சந்திப்புக்கும் திறப்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பேசியவர்களுக்குக் காத்திருத்தல் எளிது. வாயிலில் நின்றவர்களுக்கு அது எளிதன்று.

1943: அவை முன் வாதம்

காஞ்சியில் 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1942இல் அந்நகரிலிருந்தே ‘திராவிட நாடு’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் முழங்கிய காலம் அது. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணாதுரை இப்பொருள் குறித்து வாதிட்டார். அவ்வாதங்கள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக வந்தன.

எரிப்பது என்னும் சொல்லே கடுமையானது. தமிழ் இலக்கியத்தைத் தம் உயிரெனக் கொண்ட இரு பேராசிரியர்க்கு அது எத்துணைத் துயர் தந்திருக்கும்! ஆயினும் அவர்கள் மேடைக்கு வர மறுக்கவில்லை. தலைவர் ஒருவர் முன்னிலையில், பெருங்கூட்டத்தின் நடுவே இரு பக்கமும் பேசப்பட்டது. சோமசுந்தர பாரதியார் 1938 இந்தி எதிர்ப்பில் ஈ.வெ.ரா.வின் தோழராக நின்றவர் என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். ஒன்றில் தோழர், மற்றொன்றில் எதிரி. இரண்டையும் மறைக்காமல் வாழ அந்தத் தலைமுறையினர்க்கு இயன்றது.

காஞ்சி மாநாட்டில் இல்லாத ஒன்று இங்கு இருந்தது. அதுவே, கேள்வி முழுமையாக அவையின்முன் வைக்கப்படுதல். முடிவு செய்யும் பொறுப்புக் கேட்போரிடம் விடப்பட்டது. மூன்றாமவர் இங்கு அவையோராகவேனும் இடம் பெற்றார்.

1953: தறியின்முன் இணைந்தோர்

காஞ்சியின் மூன்றாமவர் யார் என்று கேட்டால், குழித்தறியில் அமர்ந்துள்ள நெசவாளரே என்று விடை கூறலாம். 1953இல் கைத்தறி நெசவாளர் பெருந்துன்பத்துக்கு ஆளாயினர். நெய்த துணி விற்கவில்லை. பல தறிகள் ஓய்ந்தன. அப்பொழுது அண்ணாதுரையும் அவர்தம் இயக்கத்தாரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அன்று முதலமைச்சராயிருந்த இராஜாஜி, வேட்டி, சேலை ஆகியவற்றின் நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். அவ்வாண்டிலேயே இராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ எனச் சாடி அண்ணாதுரையின் கழகம் கடுமையாகப் போராடியது.

இங்கே இருவரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. நெசவாளரின் பசியில் மட்டும் இருவர் கண்ணும் ஒரே இடத்தில் பதிந்தது. நாகரிகமான எதிர்ப்பின் மிகச் சிறந்த வடிவம் இதுவே என்று கருத இடமுண்டு. ஒருவரையொருவர் புகழாமலே, துன்புறுவோரின் பொருட்டு ஒரே திசையில் உழைத்தல் இதில் காணப்படுகிறது.

1967உம் 1968உம்

1957இல் காஞ்சியில் சட்டமன்றத் தேர்தலில் வென்ற அண்ணாதுரை, 1962இல் அதே தொகுதியில் காங்கிரசு வேட்பாளரிடம் தோற்றார். 1967இல் அவருடைய கழகம் ஆட்சியைப் பிடித்தது. 1949இல் தம்மைவிட்டுப் பிரிந்த அவரை ஈ.வெ.ரா. பதினெட்டு ஆண்டுகள் எதிர்த்திருந்தார். அத்தேர்தலிலும் காங்கிரசையே ஆதரித்தார். வெற்றிபெற்ற அண்ணாதுரை, பதவியேற்பதற்கு முன் திருச்சிக்குச் சென்று அவரைக் கண்டார். தோற்றவர் வென்றவரிடம் செல்வது உலக வழக்கு; இங்கே வென்றவர் சென்றார். இராஜாஜியோ 1967இல் அதே கழகத்தின் தோழமையில் இருந்தார். 1972 டிசம்பரில் அவர் மறைந்தபோது, வாழ்நாள் முழுதும் அவரை எதிர்த்த ஈ.வெ.ரா. தம் முதுமையிலும் தகனத்துக்கு வந்து கண்ணீர் விட்டார்.

இவ்விடத்தில் கட்டுரையை முடித்துக்கொள்ள மனம் விரும்பலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த காலத்தில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டு மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். தலைவர்களிடையே மலர்ந்த பண்பாடு அக்குடிசை வரை எட்டவில்லை. மேலே உள்ளோர் ஒருவரையொருவர் மதிப்பது நன்று. அம்மதிப்புக் கீழே உள்ளோரைக் காக்கத் தவறுமாயின், அது நற்குடிப் பிறந்தோரின் பழக்கவழக்கமாகவே நின்றுவிடும்.

முடிவுரை

மேற்கூறிய நிகழ்ச்சிகளிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, எதிர்க்கருத்தினரை மதிப்பதற்குத் தம் கருத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஔவையார் முதல் அண்ணாதுரை வரை ஒருவரும் அவ்வாறு கைவிடவில்லை. இரண்டாவது, ஒற்றுமையைக் காப்பதாக எண்ணி நியாயமான கேள்வியை அவைக்கு வாராமல் தடுப்பது பண்பாடு ஆகாது. அது பிரிவினையை நாள் தள்ளிப்போடும் வழியே. மூன்றாவது, இருவர் சந்திப்பின் மதிப்பை அங்கு இல்லாத மூன்றாமவரின் நிலை கொண்டே அளத்தல் வேண்டும்.

காஞ்சிப் பட்டின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. கோர்வை முறையில் மூன்று நாடாக்கள் கொண்டு, தறியில் ஒருவருக்கு மற்றொருவர் துணையிருந்து அவற்றை இணைக்கின்றனர். நிறங்கள் கலப்பதில்லை, இணைப்பும் எளிதில் பிரிவதில்லை. ஆனால் அந்தச் சேலையை நெய்தவர் வீட்டுப் பெண் அதனை உடுத்த இயலுமா என்ற கேள்வி எப்பொழுதும் எஞ்சியிருக்கிறது.

சபைக் கூட்டங்களுக்கும் குழுக்களுக்கும் தலைமை தாங்கும் பொறுப்பு நம்மில் பலருக்கு வருகிறது. ‘இத்தீர்மானம் ஒழுங்குக்கு உட்பட்டதன்று’ என்று கூறும் உரிமையும் அதனோடு வருகிறது. அச்சொற்களைச் சொல்லுமுன் 1925 நவம்பரில் காஞ்சியில் எழுந்து வெளியே சென்றவர்களையும், அவர்கள் யாருக்காகப் பேசினார்கள் என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.