ஜே 2 படித்த மச்சான்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்குப் ‘பக்’ என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கலோரேயா, பள்ளியிறுதித் தேர்வு. 1965இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சராக இருந்த கிறிஸ்தியான் ஃபூஷே கொண்டுவந்த சீர்திருத்தத்தில் அது எழுத்தெழுத்தாகப் பிரிந்தது. ‘ஆ’ இலக்கியம், ‘பே’ பொருளாதாரம், ‘ஸே’ கணிதமும் பௌதிகமும், ‘தே’ உயிரியல். இவற்றோடு ‘ஜே’ என்று ஒன்று. ஜே 1 அலுவலக வேலை, ஜே 2 கணக்கியல், ஜே 3 வியாபாரம்.

சட்டத்தில் மேல் கீழ் கிடையாது. மனிதர்கள் வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஸேக்குப் போகும். எங்கே அனுப்புவதென்று ஆசிரியர்களுக்குப் புரியாத பிள்ளை ஜேக்குப் போகும்.

என் அத்தை மகன் 1969இல் பிரான்சில் தானாகவே கேட்டு ஜே 2 எடுத்தான். மாமா சொல்தா; பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போனவர். அவர் என் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், “மச்சான், பையன் டாக்டருக்குப் படிப்பான் என்று பார்த்தால் குமாஸ்தாவுக்குப் படிக்கிறான்” என்று இருந்தது. அப்பாவும் குமாஸ்தாதான். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

மாமாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊர் எப்படி உண்டானது என்று யோசித்தால் அந்த ஏளனம் வேடிக்கையாகத் தோன்றுகிறது. 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியவர் அமைச்சர் கொல்பேர். அதே கொல்பேர் காலத்தில்தான், 1673இல், வியாபாரிகள் கணக்குப் புத்தகம் வைத்தே தீர வேண்டும் என்று அரசாணை வந்தது. அதை எழுதியதில் பெரும்பங்கு ழாக் சவரி என்ற வியாபாரிக்கு. திவாலானவன் கணக்குப் புத்தகத்தைக் காட்டாவிட்டால் மோசடிக்காரன் என்று கருதலாம். மோசடித் திவாலுக்கு மரண தண்டனை! மறு வருஷம், 1674இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறினார். கோட்டை, கவர்னர் எல்லாம் அப்புறம் வந்தவை. முதலில் வந்தது கம்பெனி வியாபாரம், கூடவே கணக்கு.

அந்தக் கம்பெனியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், யுத்தமும் தர்பாரும் வருமளவுக்குக் கப்பலும் சரக்கும் கொடுக்கல் வாங்கலும் வரும். அவரைக் குமாஸ்தா என்று யார் சொல்வார்கள்?

மச்சான் பிரான்சின் பொதுக் கணக்குத் திட்டத்தை மனப்பாடம் செய்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் வந்து, 1957இல் திருத்தப்பட்ட திட்டம். தொழிற்சாலையானாலும் மளிகைக் கடையானாலும் ஒரே எண் வரிசை: 4 என்று தொடங்கினால் நமக்குத் தர வேண்டியவர், நாம் தர வேண்டியவர், 5 ரொக்கமும் வங்கியும், 6 செலவு, 7 வரவு. பாட்டு மாதிரி இருக்கிறது என்று எழுதுவான். பிறகு 1966இல் தொடங்கப்பட்டிருந்த தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷம் நிர்வாகவியல் படித்து, ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அதன் தலைமைக்கு வந்தான். டாக்டர்கள் மருந்துக்கும் கருவிக்கும் அவன் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். மாமா இருந்து பார்த்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

‘ஜே’ என்ற பெயர் 1990களில் போய்விட்டது. அதற்குப் பிறகும் இரண்டு முறை பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றினால் மதிப்பு கூடும் என்ற நினைப்பு எல்லா அரசாங்கத்துக்கும் உண்டு போலிருக்கிறது.

நான் இங்கே வேறு வழியில் அதே கணக்குக்கு வந்து சேர்ந்தேன். காசு கைமாறினால்தான் நம் அரசுக் கணக்கில் பதிவு. அவன் படிப்பில் பில் வந்த அன்றே பதிவு. இதை வைத்து நாங்கள் கடிதத்தில் சண்டை போட்டதுண்டு. அவன் ஊருக்கு வந்திருந்தபோது, 2071 என்றால் என்ன என்று கேட்டான். ஓய்வூதியத் தலைப்பு, 2இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு என்றேன்.

“அப்படியானால் நீ எங்களுக்கு 6ஆம் வகுப்பு” என்றான்.