மரச்சட்டமும் வளைகோடும்

நேர்கோடு வரைய அளவுகோல் போதும். வட்டம் வரையக் கவராயம் போதும். கப்பலின் அடிவயிறும் மோட்டார் வண்டியின் முகப்பும் இவ்விரண்டுக்கும் அடங்குவன அல்ல. அத்தகைய உருவத்தைக் கணினியில் அமைக்க முதன்முறை அமரும் இளைஞர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. வளைவு நினைத்தபடி வரவில்லையென்று புள்ளிக்கு மேல் புள்ளியாக அடுக்குகிறார். புள்ளிகள் பெருகப் பெருகப் பரப்பு நெளிந்து போகிறது. இப்பிழைக்குரிய மருந்து பழைய தச்சர்களின் கையில் இருந்தது.

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மேலைநாட்டுக் கப்பல் தளங்களில், அகன்ற தரையின்மீது கப்பலின் கோடுகளை முழு அளவில் வரைந்தார்கள். மெல்லிய நீண்ட மரச்சட்டம் ஒன்றை வளைத்து, அது நழுவாதபடி ஆங்காங்கே ஈயக் கட்டிகளை வைப்பார்கள். அச்சட்டத்திற்கு ஸ்ப்ளைன் என்று பெயர். ஈயக் கட்டிகளை ஆங்கிலம் பேசும் தொழிலாளர் 'வாத்து' என்று அழைத்தனர். சட்டம் தன் விறைப்பினால் எவ்வளவு குறைவாக வளைய இயலுமோ அவ்வளவே வளையும். ஆகவே கட்டிகள் குறைந்தால் கோடு நயமாக ஓடும். வேண்டாத கட்டி ஒன்று தவறிய இடத்தில் அமர்ந்தால் அங்கே ஒரு புடைப்பு எழும். கைதேர்ந்த தச்சர் கோட்டின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாட்டில் நோக்கியே அதைக் கண்டுகொள்வார். 1946-ஆம் ஆண்டில் ஐசக் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர், துண்டு துண்டாக இசைத்து அமைக்கும் வளைகோட்டு வகைக்கு இச்சட்டத்தின் பெயரையே சூட்டினார்.

மோட்டார்த் தொழிலில் இடர்ப்பாடு வேறு. களிமண் மாதிரியிலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து மர மாதிரி, அதிலிருந்து அச்சு என்று உருவம் கை மாறுந்தோறும் சிறிது சிறிதாகத் திரிந்தது. எது மூல உருவம் என்பதில் ஐயம் எழுந்தது. உருவத்தை எண்களாலேயே வரையறுத்துவிட்டால் இவ்வையம் தீருமன்றோ? பிரான்சு நாட்டில் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, இவ்வழியில் சென்றனர். சித்ரோயன் நிறுவனத்தில் 1958-இல் சேர்ந்த பால் தெ காஸ்தல்ஜோ என்ற இளம் கணித அறிஞர் 1959-இல் ஒரு முறையைக் கண்டார். ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே, ஐம்பது வயதை எட்டிய பிறகு, 1960-களில் அதே வளைவை வேறு வழியில் அடைந்தார்.

தாளும் பென்சிலும் இருப்பின் காஸ்தல்ஜோவின் முறையை நேயர்களும் செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகளை இட்டு, வரிசையாக மூன்று நேர்கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு புள்ளி இட்டு, அவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். அவ்விரண்டின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு எஞ்சும். அதன் நடுப்புள்ளி வளைவின்மேல் உள்ளது. நடுவுக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என வேறு விகிதங்களை எடுத்து, எல்லாக் கோடுகளிலும் அதே விகிதத்தைப் பின்பற்றினால் வளைவின் பிற புள்ளிகள் கிடைக்கும். வளைவு முதற்புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடியும். இடைப்பட்ட இரண்டும் அதைத் தம் பக்கம் இழுக்குமேயன்றித் தம்மீது செலுத்துவதில்லை. நான்கு வரிசைகளில் பதினாறு புள்ளிகளை வைத்தால் இதே முறையில் ஒரு பரப்பே உருவாகிவிடும்.

இத்துணை எளிய முறையைக் கண்டவரின் பெயர் நெடுநாள் வெளியே தெரியவில்லை. சித்ரோயன் நிறுவனம் அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தது. பெசியேயின் கட்டுரைகளோ அச்சில் வெளிவந்தன. உலகம் அவ்வளைவைப் 'பெசியே வளைவு' என்றே அழைக்கலாயிற்று. 1975-இல் வொல்ப்காங் போம் என்ற ஜெர்மானிய அறிஞர் காஸ்தல்ஜோவின் அறிக்கைகளைத் தேடிப் பெற்ற பின்னரே முன்னவரின் உழைப்பு ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. இன்று வளைவுக்கு ஒருவர் பெயரும், அதை வரையும் முறைக்கு மற்றவர் பெயரும் நிலைத்துள்ளன. பெசியே 1999-இலும், காஸ்தல்ஜோ 2022-இலும் மறைந்தனர். பூட்டி வைத்த அறிவு களவு போகாமல் இருக்கலாம்; ஆனால் கண்டவனுக்குரிய புகழும் அப்பூட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது.

இவ்வளைவு தொழிற்சாலையோடு நின்றுவிடவில்லை. 1984-இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழி, எழுத்துக்களின் விளிம்புகளை இவ்வளைவுகளால் விவரித்தது. இன்று கணினித் திரையிலும் கைபேசியிலும் நாம் காணும் தமிழ் எழுத்துக்களும் இவ்வினத்து வளைவுகளால் ஆனவையே. பிற மாநிலத்தில் வாழும் நாம் ஊரிலிருந்து வரும் செய்தியைத் திரையில் படிக்கும்போது, அகரத்தின் சுழியும் ழகரத்தின் வாலும் ஒரு சில புள்ளிகளின் இழுப்பிலேயே உருப்பெறுகின்றன.

புதிதாகக் கற்பவர் இதையே பாடமாகக் கொள்ளலாம். மேலும் ஒரு புள்ளி சேர்க்குமுன் இருக்கும் புள்ளிகளை நகர்த்திப் பார்க்க வேண்டும். பின்னர் உருவத்தைத் திருப்பி, பழைய தச்சரைப் போல நீளவாட்டில் நோக்க வேண்டும். கருவி மாறிவிட்டது, கண்ணின் வேலை மாறவில்லை.